எந்த அரை இஞ்சு? ஏர் ரைஃபிள் பேரல் முனைக்கு மரை அடாப்டர் எடுக்கும் கதை

"அரை இஞ்சு மரைன்னா, எந்த அரை இஞ்சுண்ணே?"

ஏர் ரைஃபிளின் பேரல் முனையில் செருகி, மறுபக்கம் மரை கிடைக்கிற மாதிரி ஓர் அடாப்டர் கடைந்து தரச் சொன்னதற்கு லேத்காரர் இப்படிக் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. காரைக்குடியில் போர்வெல் மோட்டார் ஷாஃப்டும் ரைஸ்மில் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற பட்டறை அது. இவருக்குத் தெரியாத அரை இஞ்சா என்று நினைத்தேன். உண்மையில் தெரியாதவன் நான்தான். முதல் நாள்தான் செக்காலை ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் அரை இஞ்சு நிப்பிள் ஒன்றை வாங்கிவந்து, மரை எப்படி இருக்கும் என்று பேரல் பக்கத்தில் வைத்துப் பார்த்து முழித்திருந்தேன். குழாய்க்காரர் சொல்லும் அரை இஞ்சு, தண்ணீர் போகிற துவாரத்தை வைத்து வந்த பெயர். அந்த மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மி.மீ., இஞ்சுக்கு 14 மரை. ஏர் ரைஃபிளில் அரை இஞ்சு என்றால் அளந்து பார்த்தாலும் அரை இஞ்சு, 12.7 மி.மீ., இஞ்சுக்கு 20 மரை. யு.என்.எஃப். என்று அதற்குப் பெயர்.

குழப்பம் அதோடு முடியவில்லை. அதே 12.7 தடிமனில் மரைக்கு வேறு அளவு முறைகளும் உண்டு: விட்வொர்த் என்றால் இஞ்சுக்கு 12, யு.என்.சி. என்றால் 13, பி.எஸ்.எஃப். என்றால் 16. அமெரிக்காவில் பாயிண்ட் டூ-டூ துப்பாக்கிகளுக்குப் போடுவது 28. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த 20-க்கும் 28-க்கும் நடுவில்தான். படத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கையில் வாங்கி ஏற்றினால் ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ ஏறி இறுகும். "டைட்டா உட்கார்ந்துருச்சு" என்று நினைத்து இன்னும் கொஞ்சம் திருகினால், அலுமினிய மரை சீவிக்கொண்டு வந்துவிடும். சில ரைஃபிள்களில் 14 மி.மீ. மெட்ரிக் மரையும் வருகிறது, பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி, 1 மி.மீ. ஆகவே எதை வாங்குவதற்கு முன்னும், அடாப்டரில் மாட்டப்போகிற பொருளின் மரையை பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். எந்த லேத் பட்டறையிலும் அது ஆணியில் தொங்கும்.

எதற்காக இதெல்லாம் என்று சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் பத்து மீட்டர் ரைஃபிள் பழகுகிறான். எங்கள் பழைய வீட்டில் வளவின் (உள்முற்றத்தின்) ஓரத்தில் நின்று சுட்டால் இரண்டாங்கட்டுச் சுவர் வரை டேப் பிடித்தாற்போல 10 மீட்டர் வருகிறது. கட்டிய ஐயா எதை நினைத்துக் கட்டினாரோ, முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. சுடும் நேரத்தில் இரண்டு பக்கக் கதவுக்கும் தாழ்ப்பாள். இலக்குக்குப் பின்னால் இரும்புத் தகடு, அதற்கு முன்னால் பழந்துணி திணித்த மரப்பெட்டி. அவனுடையது உள்நாட்டில் செய்த ஸ்பிரிங் ரைஃபிள், பேரலை மடக்கி ஏற்றுகிற வகை. முனை காற்றில் ஆடுகிறது, கொஞ்சம் எடை வேண்டும் என்றான். எடை மாட்ட முனையில் மரை வேண்டும். பேரலில் மரை இல்லை. அங்கேதான் அடாப்டர் பேச்சு தொடங்கியது.

முனையில் எடை ஏன் என்று கேட்டால், அதன் பலன் தூரத்தில் இருக்கிறது. இடது கை தாங்குகிற இடத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி 100 கிராம் வைத்தால், 20 செ.மீ. தள்ளி 300 கிராம் வைத்த பாரம் கைக்குத் தெரியும். ஆனால் முனை அசையாமல் நிற்கிற குணத்தைப் பார்த்தால் அதே 100 கிராம், 20 செ.மீ.யில் வைத்த 900 கிராமுக்குச் சமம். அந்தக் கணக்கில் தூரம் இருமடியாகச் சேருவதுதான் காரணம். பாரம் மூன்று மடங்கு, நிதானம் ஒன்பது மடங்கு. எடைக்காரர்கள் எல்லாம் முனையையே பிடித்துத் தொங்குவது இதனால்தான்.

எடையைத் தவிர, குறி பார்க்கிற முன் சைட்டைத் தாங்கும் குழாய், காற்றைப் பிரித்து விடும் ஏர் ஸ்ட்ரிப்பர், வெறும் மரைமூடி என்று வேறு சிலவும் மாட்டலாம். என்னிடம் இதைப்பற்றி விசாரிக்கிறவர்களில் பலர் இழுத்து இழுத்துக் கடைசியில் கேட்பது சைலன்சர். துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவிகளைச் சட்டம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பது தெரிந்தவர் யாரும் அதில் விளையாட மாட்டார். கேட்கிறவருக்கு எதற்குச் சத்தம் போடாமல் சுட வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குப் புரியும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தைச் சுற்றி இருக்கிற கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆட்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அந்தச் சீமையில் இருந்துகொண்டு கொக்கு சுட வழி கேட்கிறவருக்கு நான் பதில் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையும் சொல்லாது. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துவாரத்துக்கோ 20 ஜூல் ஆற்றலுக்கோ மேலே போகிற காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். 0.53 கிராம் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) நொடிக்கு 175 மீட்டரில் போனால் 8 ஜூல்தான். பத்து மீட்டர் காகிதத்துக்கு அது தாராளம்.

போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு அளவெடுங்கள். சர்வதேச 10 மீட்டர் விதியில் ரைஃபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. ரைஃபிள் அமைப்பின் பின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற வாய் வரை 850 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. முனையில் மாட்டுகிற நீட்டுக்குழாயில் துளை இருக்கக்கூடாது, உதைப்பைக் குறைக்க முனையில் வைக்கிற மஸில் பிரேக்கும் கூடாது. சந்தையில் 'மேட்ச்' என்று பெயர் போட்டு விற்கிற துளைக்குழாய்கள் பல இந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகும்.

இனி என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வழி, அடாப்டரே வேண்டாம் என்பது. பேரலைச் சுற்றிப் பிடிக்கிற கிளாம்ப் எடைகள் இருக்கின்றன. இரண்டு பாதியாகப் பிளந்த வளையம், இரண்டு ஆலன் போல்ட், உள்ளே மெல்லிய ரப்பர் அல்லது தோல். பெல்லட் போகிற பாதையில் இது குறுக்கிடுவதே இல்லை, பேரலில் கீறலும் விழாது, வேண்டாத நாளில் கழற்றி வைக்கலாம். எடை மட்டும்தான் தேவை என்றால் மரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இதுவே போதும். நான் இதை முதலில் செய்திருந்தால் இவ்வளவு எழுத நேர்ந்திருக்காது. அக்கா மகனுக்கு முன் சைட் குழாயும் வைக்க ஆசை, அதனால் இது தள்ளிப்போனது.

இரண்டாவது, பேரல் மேல் செருகி மாட்டுகிற ரெடிமேட் ஸ்லிப்-ஆன் அடாப்டர். ஒரு பக்கம் பேரல் நுழைகிற குழி, மறுபக்கம் அரை இஞ்சு 20 மரை, பக்கவாட்டில் இரண்டோ மூன்றோ கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத ஸ்க்ரூ. 14, 15, 16 மி.மீ. என்று விற்பார்கள். நான் வாங்கியது 16. விற்றவர் யார் என்பது இங்கே தேவையில்லை, இந்தக் குறை அந்த ஒரு கடையோடு நிற்பதுமில்லை. பேரலை வெர்னியர் வைத்து அளந்தால் முனையில் 15.86, முப்பது மி.மீ. பின்னால் 15.92. அடாப்டரின் குழி 16.04. ஆக முனையில் 0.18 இடைவெளி. கையில் மாட்டினால் லொடலொடவென்று ஆடியது. 'கிரப் ஸ்க்ரூ இருக்கிறதே, இறுக்கினால் நின்றுவிடும்' என்று இறுக்கினேன். நின்றது. கோணலாக நின்றது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு போட்டுக்காட்ட வேண்டும். அடாப்டர் பேரலைப் பிடிக்கிற நீளம் 20 மி.மீ. என்று வையுங்கள். அதில் வெறும் 0.1 மி.மீ. ஆட்டம் இருந்து, ஒரு பக்கத்திலிருந்து ஸ்க்ரூ தள்ளினால், அடாப்டர் அந்த 0.1 அளவுக்குச் சாயும். முன்னால் 120 மி.மீ. குழாய் மாட்டியிருந்தால் அதன் நுனியில் அந்தச் சாய்வு 0.6 மி.மீ. ஆகிவிடும். நுனித் துவாரம் 6 மி.மீ., பெல்லட் 4.5. சுற்றிலும் கிடைப்பது 0.75 மி.மீ. இடைவெளிதான். அதில் 0.6 போய்விட்டால் பெல்லட்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே ஒரு தாளின் கனம்தான் மிச்சம். என்னிடம் இருந்த ஆட்டம் 0.1 இல்லை, 0.18. முதல் பெல்லட்டே குழாய் நுனியில் உரசிக்கொண்டு போய், காகிதத்தில் வட்டமாக விழ வேண்டிய துளை சாவித்துவாரம் மாதிரி நீளமாக விழுந்தது. "அம்மான், இலக்குக்கு வெளியில போயிருச்சு" என்று அவன் சொன்னபோதுதான் விபரீதம் உறைத்தது. உரசின பெல்லட் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு அது துணிப்பெட்டியின் மரச்சட்டத்தில் போய்ப் புதைந்தது, அவ்வளவோடு போயிற்று.

கழற்றிப் பார்த்தால் பேரலின் கறுப்பு நிறத்தில் மூன்று குழி. கிரப் ஸ்க்ரூவின் கூர்முனை கடித்த தடம். அந்தக் கறுப்பு துருவைத் தடுக்கிற பூச்சு. மழைக்காலத்தில் அந்த மூன்று புள்ளியிலும் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ரெடிமேட் எல்லாமே குப்பை என்று சொல்ல வரவில்லை. பேரல் அளவும் குழி அளவும் 0.05 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் நன்றாகவே நிற்கும். ஒத்துப்போகுமா என்பது வாங்கிய பிறகுதான் தெரியும் என்பதுதான் கஷ்டம். '16 மி.மீ. பேரல்' என்று ரைஃபிள் பெட்டியில் போட்டிருப்பதை நம்ப முடியாது. கறுப்பு பூசுவதற்கு முன் பாலிஷ் போடுகிறார்களே, அதில் ஒரு பேரலுக்கு அதிகம் தேயும், ஒன்றுக்குக் குறைவாகத் தேயும். சில பேரல் முனையை நோக்கிக் கொஞ்சம் ஒடுங்கும், என்னுடையது அப்படித்தான். இதையே வாங்குவதானால் ஸ்க்ரூவின் முனை தட்டையாக இருக்கிறதா, பித்தளை முனையா என்று பாருங்கள். எதிரெதிராக அல்லது மூன்று பக்கமாகத் தள்ளுகிற ஸ்க்ரூ நல்லது. ஒரே வரிசையில் இரண்டு ஸ்க்ரூ வைத்ததை எடுக்காதீர்கள், அது சாய்ப்பதற்கென்றே செய்தது மாதிரி.

மூன்றாவது வழி, பேரலிலேயே மரை வெட்டுவது. கேட்கும்போது இதுதான் சுத்தமான வேலையாகத் தெரியும். ஆடுகிற பாகம் இல்லை, ஸ்க்ரூ இல்லை, பேரலும் மரையும் ஒரே உலோகம். சுவர் தாங்குமா என்றால் தாங்கும். 12.7 மரையின் அடிவிட்டம் 11 மி.மீ.க்குச் சற்று மேலே. நடுவே 4.5 போக, பக்கத்துக்கு மூன்று மி.மீ.க்கு மேல் இரும்பு நிற்கிறது. காற்று அழுத்தத்துக்கு அது போதும்.

ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏர் ரைஃபிள் பேரல்கள் பலவற்றில் கடைசி ஓரிரு செ.மீ. உள்விட்டம் ஒரு நூலிழை இறுக்கமாக இருக்கும். சோக் என்பார்கள். பெல்லட் வெளியேறும்போது எல்லாம் ஒரே அளவுக்குப் பிடிபட்டு நேராகப் போவதற்கு அது உதவுகிறது. அந்த இடத்தில்தான் நாம் மரை வெட்டப்போகிறோம். வெளியிலிருந்து இரும்பைச் சீவி எடுத்தால் உள்ளே இறுகியிருந்தது தளர்ந்து வாய் விரியலாம். சோக் போனால் திரும்ப வராது. இன்னொன்று, பேரலின் வெளிவட்டத்துக்கும் உள்துவாரத்துக்கும் ஒரே மையம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. லேத்காரர் வெளிவட்டத்தைச் சக்கில் (லேத்தில் பொருளைப் பிடித்துச் சுற்றுகிற பாகத்தில்) பிடித்து மரை வெட்டினால், மரை வெளிவட்டத்துக்கு நேராக இருக்கும், பெல்லட் போகிற துவாரத்துக்குக் கோணலாக இருக்கும். துவாரத்தில் குச்சி நுழைத்து, டயல் கேஜ் வைத்து, சக்கின் நான்கு ஜாவையும் (பிடிக்கிற தாடைகளையும்) தனித்தனியே நகர்த்தி மையம் பார்க்கிற பொறுமையுள்ள ஆள் வேண்டும். அதற்கு ஸ்பிரிங்கை அவிழ்த்துப் பேரலைத் தனியே எடுக்க வேண்டும். அழுந்தியிருக்கிற அந்த ஸ்பிரிங் சரியான கம்ப்ரஸர் இல்லாமல் அவிழ்த்தால் பல்லைப் பெயர்த்துவிடும். வாரண்டியும் அன்றோடு போச்சு. தட்டுத்தடுமாறி, கையால் திருகி மரை வெட்டுகிற டை போட்டு மரை எடுத்தால் மரை நெளியும், அது எல்லாவற்றையும்விட மோசம்.

பரணில் இருக்கிற பழைய துப்பாக்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்து வீடுகளில் ரங்கூனிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்த டயானாவோ பி.எஸ்.ஏ.வோ ஒன்று எங்காவது துணி சுற்றிக் கிடக்கும். அதன் பேரலில் மரை வெட்டுவது, வளவுத் தேக்குத்தூணில் ஆணி அடிக்கிற மாதிரி. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கூட அதற்கு அப்புறம் விலை கேட்க மாட்டார்.

நான்காவது வழிக்கு வருகிறேன். நான் கடைசியில் போய் நின்றதும், பிறருக்குச் சொல்வதும் இதுதான். பேரலைத் தொடாமல், பேரலின் அளவுக்கே ஓர் அடாப்டரைக் கடைந்து வாங்குவது. கூலியும் பொருளும் சேர்த்து ரெடிமேடை விட பெரிய வித்தியாசம் வராது. தபால் செலவும், தப்பாக வந்ததைத் திருப்பி அனுப்புகிற அலைச்சலும் இல்லை.

லேத்காரரிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே பிடியில் முடிய வேண்டும். கம்பியைச் சக்கில் ஒருமுறை பிடித்தால், பேரல் நுழைகிற குழி, பெல்லட் போகிற துவாரம், முன்பக்க மரை, மரைக்குப் பின்னால் இருக்கிற தோள், இவ்வளவும் முடிந்த பிறகுதான் கழற்ற வேண்டும். பாதியில் கழற்றித் திருப்பிப் பிடித்தால் மூன்று ஜா சக்கில் 0.1 மி.மீ. ஓடுவது சாதாரணம். எவ்வளவு சுத்தமாகக் கடைந்தாலும் அந்த 0.1 சாய்வாக விழுந்தால் நம் கணக்கில் 0.6 ஆகிவிடும்.

"குழி ஒரு பக்கம், மரை ஒரு பக்கம். ஒரே பிடியில எப்படிண்ணே முடிப்பேன்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. கேட்டவரே வழியும் சொன்னார். முதலில் குழியையும் துவாரத்தையும் ஒரே பிடியில் முடித்துக்கொண்டார். பிறகு ஒரு மிச்சக் கம்பியைச் சக்கில் பிடித்து, அந்தக் குழிக்குள் இறுக்கமாக நுழைகிற அளவுக்கு அங்கேயே ஒரு முளை கடைந்தார். கழற்றாமல் அந்த முளையிலேயே அடாப்டரைச் செருகி, லேத்தின் எதிர்முனையில் இருக்கிற டெயில் ஸ்டாக்கால் தாங்கி, மரையை வெட்டினார். முளையைச் சக்கிலிருந்து எடுக்காததால் மையம் மாறவில்லை. மோட்டார் புஷ்ஷுக்கு அவர் தினமும் செய்கிற வேலையாம். நான் இணையத்தில் மூன்று நாள் தேடியும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

குழியை எந்த அளவுக்குக் கடைவது? பேரலை முனையிலும், 15 மி.மீ. பின்னாலும், 30 மி.மீ. பின்னாலும் அளந்து, ஒவ்வோர் இடத்திலும் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை அளந்து எழுதிக் கொடுத்தேன். வெர்னியரை விட மைக்ரோமீட்டர் நல்லது, அவரிடமே இருந்தது. பெரிய அளவை விட 0.03 மி.மீ. கூடுதலாகக் குழி. எண்ணெய் தடவி நுழைத்தால் காற்று அடைபட்டு மெல்ல இறங்க வேண்டும். பிடிக்கிற நீளம் 30 மி.மீ. கேட்டேன், 20 போதாது. நீளம் கூடினால் சாய்வு குறையும் என்பது மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. துவாரம் 6 மி.மீ. மரை வெட்டுகிற லேத்தில் இஞ்சுக்கு 20 வருகிற கியர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பழைய லேத்துகளில் பெரும்பாலும் இருக்கும்.

மரை இறுக்குவதற்கு, நேராக்குவதற்கு அல்ல. மாட்டுகிற குழாய் நேராக நிற்பது மரைக்குப் பின்னால் இருக்கிற தோளில் அது முழுவதும் அழுந்தி உட்காருவதால்தான். ஆகவே தோள் சரியான செங்கோணத்தில் இருக்க வேண்டும், மரை தோளைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருக்க வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் கடைசி மரை அரைகுறையாக முடிந்து, குழாய் தோளைத் தொடாமலே இறுகிவிடும். பல ரெடிமேட் அடாப்டர்களில் நான் பார்த்த குறை இது.

என்ன உலோகத்தில் என்பதில் என் விருப்பம் பித்தளை. மேலே சொன்ன அளவில், வெளிவிட்டம் 22 மி.மீ. வைத்தால் அடாப்டரின் கன அளவு ஏறத்தாழ 9 கன செ.மீ. அலுமினியத்தில் அது 25 கிராம், இரும்பில் 73, பித்தளையில் 80 சுமார். எடைதான் வேண்டும் என்று தேடுகிறவருக்கு அடாப்டரே பாதி எடை. பித்தளை பேரலைக் கீறாது, துருப்பிடிக்காது, லேத்தில் வெண்ணெய் மாதிரி கடைய வரும். அலுமினியத்தில் அடிக்கடி மாட்டிக் கழற்றினால் மரை ஒட்டிக்கொண்டு பிய்யும். எடை கூடவே கூடாது என்கிற சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அலுமினியம். இரும்பு மோசமில்லை, ஆனால் கறுப்புப் போட வேண்டும், போடாவிட்டால் ஒரே மழையில் செம்பட்டை.

பேரலில் நிறுத்துவதற்கு ஸ்க்ரூ வைக்கலாமா, பசையா? ஸ்பிரிங் ரைஃபிள் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதறும். வெறும் ஸ்க்ரூ சில நூறு குண்டுகளில் தளர்ந்துவிடும். நான் இரண்டையும் வைத்தேன். குழிக்குள் உருளைப் பிடிப்புக்கென்று விற்கிற லாக்டைட் ஒரு மெல்லிய படலம், பக்கத்தில் பித்தளை முனை வைத்த இரண்டு கிரப் ஸ்க்ரூ, அவை வெறும் காவலுக்கு. பேரலையும் குழியையும் பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைத்து எண்ணெய்ப் பசை போன பிறகுதான் லாக்டைட் பிடிக்கும். பேரல் வாய்க்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது, துணித்திரியை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். பின்னாளில் கழற்ற வேண்டுமானால் ஹீட் கன் வைத்துச் சூடாக்கினால் விடும்.

முன் சைட் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேரல் முனையில் பிளாஸ்டிக் சைட் பிளாக் இருந்தால் அதைக் கழற்றாமல் எந்த ஸ்லிப்-ஆன் அடாப்டரும் ஏறாது. கழற்றினால் அடியில் பேரல் மெலிந்தோ, பள்ளம் வெட்டியோ இருக்கலாம். அளவெடுப்பது கழற்றிய பிறகு. முன் சைட் போனால் பின் சைட் அனாதை. அடாப்டர் மேலே புதுச் சைட் வைக்க ஒரு டவ்டெயில் தண்டவாளம் (சைட்டைப் பிடிக்கிற சாய்ந்த ஓர வரம்பு) வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது டெலஸ்கோப்புக்கு மாறத் தயாராக இருங்கள். ஓப்பன் சைட் பிரிவில் போட்டி போடுகிற பிள்ளைகள் இந்தப் பக்கமே வராமல் கிளாம்ப் எடையோடு நிற்பது நல்லது.

ஐந்தாவது வழி, மரையோடு வருகிற ரைஃபிளையே வாங்குவது. முன்கூட்டியே காற்று அடைத்துவைத்துச் சுடுகிற பி.சி.பி. வகையில் அரை இஞ்சு 20 மரையோடு வருவது சகஜம். புதிதாக வாங்கப்போகிறவருக்கு இதுதான் லாபம், இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மரைக்காக மட்டும் இருப்பதை விற்றுவிட்டு வாங்க வேண்டாம்.

மாட்டிய பிறகு சோதிக்காமல் சுடாதீர்கள். பேரலை மடக்கி, உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு, துவாரத்தில் தடையில்லாமல் நுழைகிற நேரான கம்பியைப் பின்பக்கத்திலிருந்து விட்டு, குழாய் நுனியில் அது நடுவில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டினால் அன்றைக்கு வேலை முடியவில்லை என்று அர்த்தம். கம்பி தேறினால், நுனித் துவாரத்தின் உள்சுவரில் விரலால் எண்ணெய் பூசி, அதன்மேல் கொஞ்சம் குட்டிக்கூரா பவுடர் தட்டுங்கள். ஐந்து குண்டு சுட்டுவிட்டுப் பாருங்கள். பெல்லட் உரசியிருந்தால் பவுடரில் ஒரு கோடு விழுந்திருக்கும். எங்களுக்கு இரண்டாவது முறை கோடு விழவில்லை. ஆனால் எடை கூடியதால் குண்டு ஒரு செ.மீ. கீழே விழ ஆரம்பித்தது. அது இயல்பு, சைட்டைத் திருப்பிச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

மடக்கு ரைஃபிளில் இன்னொரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. பேரலை மடக்கும்போது கை தன்னால் நுனிக்குப் போகும். நுனியில் இப்போது குழாயோ எடையோ இருக்கும், நெம்புகோல் நீளமாவதால் சுலபமாக மடங்கும், சுகமாகவும் இருக்கும். அந்த இழுப்பு முழுவதும் அடாப்டரின் பக்கவாட்டில் ஏறும். ஆயிரம் தடவை அப்படி மடக்கினால் எந்தப் பசையும் நிற்காது. பேரலில் அடாப்டருக்குப் பின்னால் ஒரு சிவப்பு டேப் ஒட்டி, "இதுக்கு இந்தப் பக்கம் கை வை" என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். பாதி நாள் மறந்துவிடுகிறான்.

அடாப்டர் கடையும்போதே அதே மரைக்கு ஒரு மூடியும் கடைந்து வாங்கிவிடுங்கள். கம்பி மிச்சமிருக்கும், கால்மணி நேர வேலை. திறந்து கிடக்கிற மரை எங்காவது இடித்து நசுங்கினால் மறுபடி பட்டறைக்கு நடக்க வேண்டும். அக்கா மகன் ஒரு மாதம் 100 கிராம் எடையோடு பழகினான். அறுபது குண்டு முடிவதற்குள் இடது தோள் நடுங்குகிறது என்று எடையைக் கழற்றிவிட்டான். பித்தளையின் 80 கிராமே போதுமாம். இப்போது முனையில் அந்த மூடி மட்டும்தான் இருக்கிறது.